785 லேசர் மட்டும் வாங்கினால் போதுமா?

கேள்வி: வைரப் பட்டடைக் கலத்தில் (இரு வைர முனைகளுக்கிடையே மாதிரியை நசுக்கும் கருவி) கரிமப் படிகம் ஒன்றை அழுத்தி, 532 நானோமீட்டர் பச்சை லேசரில் ராமன் நிறமாலை (சிதறிய ஒளியில் மூலக்கூறு அதிர்வுகளைக் கோடுகளாகக் காட்டுவது) எடுக்கிறோம். பின்னணி ஒளிர்வு கோடுகளை மூழ்கடிக்கிறது. லேசரை மட்டும் 785 நானோமீட்டருக்கு மாற்றினால் போதும் என்கிறார் விற்பனை முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் சொன்ன ‘மட்டும்’ என்பதை நம்பாதீர்கள். முதலில், மாதிரியை விட்டு விலகி, வைரத்தின் உள்ளே லேசரைக் குவித்துப் பாருங்கள். அங்கேயும் அதே ஒளிர்வு தெரிந்தால் குற்றவாளி உங்கள் படிகமன்று, வைரம்தான்; ‘ஒளிராத வைரம்’ என்று வாய்மொழியாக விற்கப்படுவதை, அந்த வைரத்திலேயே எடுத்த நிறமாலையைப் பார்க்காமல் ஒருபோதும் வாங்கக் கூடாது.

ஒளிர்வு படிகத்திலிருந்து வருகிறது என்றால், 785 போன்ற அண்மை அகச்சிவப்பு லேசர் பெரும்பாலும் உதவும். அதற்கு விலையும் உண்டு. ராமன் சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அதே லேசர் திறனில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். லேசரின் சொந்த ஒளியைத் தடுக்க, புதிய லேசருக்கேற்ற வடிகட்டியும், பெரும்பாலும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் வேறு கீற்றணியும் தேவை. முகவரின் விலைப்பட்டியலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பச்சை லேசரையும் விற்றுவிடாதீர்கள். அழுத்தம் அளக்க நீங்கள் இடும் மாணிக்கத் துணுக்கின் ஒளிர்வுக் கோடு, அழுத்தம் இல்லாதபோது 694.2 நானோமீட்டரில் உள்ளது. அழுத்தம் ஒரு கிகாபாஸ்கல் ஏறினால் அது சுமார் 0.365 நானோமீட்டர் நகரும். 785 லேசரின் ஒளித்துகளுக்கு அதை ஒளிரச் செய்யும் ஆற்றல் கிடையாது. அழுத்தமே தெரியாத உயர் அழுத்தச் சோதனையால் என்ன பயன்?

உங்கள் படிகத்தில் நீர் மூலக்கூறுகள் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். ஹைட்ரஜன் பிணைப்பு அழுத்தத்தில் என்னவாகிறது என்பதைக் காட்டும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் அதிர்வு, சென்டிமீட்டருக்கு 3,400 அலையெண்ணை ஒட்டி வரும். 785 லேசரில் அது 1,070 நானோமீட்டர் அருகே விழும். நிறமாலையைப் பதிவு செய்யும் சாதாரண சிலிக்கன் சிசிடி ஒளியுணரி அங்கே ஏறக்குறைய குருடு. இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி அதைக் காணும், ஆனால் அதன் இரைச்சலும் விலையும் அதிகம். நீங்கள் தேடுவது 200 அலையெண்ணுக்குக் கீழுள்ள படிக அணிக்கோவை அதிர்வுகள் என்றால் இந்தக் கவலை இல்லை. வடிகட்டி எந்த அலையெண் வரை இறங்கும் என்பதை மட்டும் கேளுங்கள்.

மார்ச் மாதத்திற்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரமும், குறைந்த விலை கேட்டவருக்கே ஆணை என்ற விதியும் சேர்ந்து, பயன்படாத கருவிகளை ஆய்வகங்களில் அடுக்கி வைத்திருப்பதை ஆண்டுதோறும் பார்த்துச் சலித்துவிட்டேன். உங்கள் கலத்தில், உங்கள் படிகத்தில், அழுத்தம் ஏற்றிய நிலையில் நிறமாலை எடுத்துக் காட்டிய பின்னரே முழுத்தொகை வழங்கப்படும் என்ற வரியை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிடுங்கள்.