சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா? கேள்வி பதில்

வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர். 13 கி.மீ. வருகிறது. ஒரு மணி நேரத்தில் போய்விட முடியுமா?

தாராளமாக. மணிக்கு 16 கி.மீ. வேகம் யாருக்கும் வரும். அந்தக் கணக்கில் 50 நிமிடம், சிக்னல்களுக்கு இன்னொரு பத்து நிமிடம். தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வழியில் உங்களைத் தடுக்கப்போவது மூன்று நான்கு இடங்கள்தான். ஒரு ஞாயிறு காலை முழு வழியையும் ஓட்டிப் பார்த்து, எங்கெல்லாம் காலை ஊன்ற வேண்டிவந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தரமணி லிங்க் ரோடு, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு வழி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் இன்னொரு வழி. இரண்டையும் பாருங்கள். கூகுள் காட்டுகிற குறுக்கு வழி காருக்கானது, அதை மட்டும் நம்ப வேண்டாம். வார நாளில் 7 மணிக்குள் கிளம்பினால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஓ.எம்.ஆரில் வலப்பக்கம் திரும்ப யூ-டர்ன் வரை போகவேண்டியிருக்கிறது. மூன்று லேன் தாண்டி எப்படிப் போவது?

போகாதீர்கள். 60-70 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டிக்கு, கையை நீட்டிக்கொண்டு 15 கி.மீ.யில் நகரும் சைக்கிள் நின்றுகொண்டிருப்பதுபோலத்தான் தெரியும். சிக்னல் உள்ள சந்திப்பு வரை இடப்பக்கமாகவே போய், இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கூடப் போகும், போகட்டும். நடைமேம்பாலத்தை நம்ப முடியாது. படிக்கட்டில் 15 கிலோ சைக்கிளைத் தூக்குவது தினசரி நடக்கிற காரியமல்ல. மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு போட்ட இடங்களில் சாலை திடீரென்று குறுகும். அங்கே ஓரத்தில் ஒதுங்கினால் பின்னால் வருபவர் இடித்துக்கொண்டு முந்தப் பார்ப்பார். தடுப்பு தொடங்குமுன்பே திரும்பிப் பார்த்து, லேனின் நடுவுக்கு வந்துவிடுங்கள்.

ஓரமாகப் போனால் பாதுகாப்புதானே? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சொல்பவர்கள் பெரும்பாலும் கார் ஓட்டுபவர்கள். ஓரத்தில் மணல், மழைநீர் வடிகால் கம்பி மூடி, நிறுத்திய கார்களின் கதவு எல்லாம் இருக்கிறது. கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் உள்ளே இறங்கிவிடும், ஆள் ஹேண்டில்பார் மேல் பறப்பார். சாலை விளிம்பிலிருந்தும் நிறுத்திய கார்களிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் பள்ளம் வரும்போது இடப்பக்கம் விலகவும் முடியும்.

மாநகரப் பேருந்துக்குத் தனி விதி. ஸ்டாப்பை நெருங்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். அந்தப் பக்கம்தான் வாசல், ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள், பஸ் கிளம்பட்டும்.

வியர்வை! ஆபீஸில் குளியலறை கிடையாது.

இதற்குத் தீர்வு இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம். கடைசி இரண்டு கி.மீ.யை மெதுவாக ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவ ஓடாதீர்கள். உடம்புச் சூடு தணியாமல் துடைத்தால் மறுபடி வியர்க்கும். பத்து நிமிடம் ஃபேனடியில் உட்கார்ந்து, பிறகு ஈரத்துண்டால் துடைத்து, சட்டை மாற்றுங்கள். முதுகுப்பையை விட்டுவிடுங்கள். சட்டை நனைவதற்கு வெயிலுக்கு அடுத்த காரணம் அதுதான். பின் கேரியரில் பக்கவாட்டுப் பை மாட்டலாம். வாரத்துக்கான துணியைத் திங்கட்கிழமையே ஆபீஸில் வைத்துவிட்டால் தினமும் இஸ்திரி கலையாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை 5 மணிக்கு முன் வீடு திரும்ப முயலாதீர்கள்.

முன்பக்கம் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) வைத்த எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) வாங்கலாமா? நம்ம ரோட்டுக்கு அதுதான் சரி என்கிறார் கடைக்காரர்.

விலை மலிவான சஸ்பென்ஷன் என்றால் கனத்த ஸ்பிரிங், அவ்வளவுதான். நீங்கள் எழுந்து மிதிக்கும்போதெல்லாம் உங்கள் பலத்தைத் தின்னும். சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் (சாலை சைக்கிளுக்கும் எம்.டி.பி.க்கும் நடுவிலான வகை), 700x35 அல்லது 38 டயர் (700 சக்கர அளவு; 35, 38 டயரின் அகலம், மி.மீ.யில்), பின்னால் ஏழு கியர் போதும். மேம்பால ஏற்றத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. கேரியரும் மட்கார்டும் மாட்ட ஃபிரேமில் திருகுத் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மாதம் மூன்று தடவை பஞ்சர் ஆகிறது. டயர் மாற்றணுமா?

முதலில் டியூபில் ஓட்டையைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்று குறைவு: பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் காருக்கு வைக்கிற 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தோடு நிறுத்திவிட்டால் இதுதான் நடக்கும். 35 டயருக்கு உங்கள் எடையைப் பொறுத்து 50 முதல் 65 வரை வேண்டும், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

ஒற்றை ஓட்டை, அதுவும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் என்றால், டயருக்குள் ஏதோ தங்கியிருக்கிறது. லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி முடி கனம்தான் இருக்கும், வெளியே தெரியாது. துணியை விரலில் சுற்றிக்கொண்டு டயரின் உட்புறம் முழுக்கத் தடவுங்கள். துணி மாட்டுகிற இடத்தில் இடுக்கியால் பிடுங்குங்கள். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். பையில் எப்போதும் ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு டயர் நெம்புகோல், கைப்பம்பு, சக்கரம் நட்டில் இருந்தால் 15 எண் ஸ்பேனர். தெருமுனைக் கடையில் 28 அங்குல நாட்டு சைக்கிள் டியூப் கிடைக்கும், 700 பல இடங்களில் கிடைக்காது.

மழைக்காலம்?

தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் இறங்காதீர்கள், மேன்ஹோல் திறந்திருந்தால் தெரியாது. ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கவ்வும் பிரேக்) நனைந்தால் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து, கணுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாமே.

செக்யூரிட்டி சைக்கிளை உள்ளே விட மாட்டேன் என்கிறார். வெளியே வைத்தால் திருட்டு.

செக்யூரிட்டியிடம் வாதாடிப் பயனில்லை, கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 'சைக்கிளுக்கு இடம் வேண்டும்' என்றால் தட்டிக்கழிப்பார்கள். தலைகீழ் 'ப' வடிவ இரும்புக் குழாய், உயரம் 75-80 செ.மீ., ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி, தரையில் சிமென்ட் போட்டு ஊன்றியது என்று வரைந்து கொடுங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். இந்தக் கணக்கு நிர்வாகத்துக்குப் புரியும். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் ஸ்டாண்டை ஏற்காதீர்கள், ரிம் கோணும். யூ-லாக்கால் (யூ வடிவ இரும்புப் பூட்டு) ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துக் குழாயோடு பூட்டுங்கள். கேபிள் பூட்டுக்கு ஒரு கம்பிவெட்டி போதும்.

கார் இடித்தால் நமக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே?

உங்களுக்கு வேண்டியதில்லை. இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு சைக்கிள்காரருக்கும் பொருந்தும், எஃப்.ஐ.ஆர். நகலோடு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் கோர வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். நிற்காமல் ஓடிய வண்டி அடையாளம் தெரியாவிட்டால், 2022-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. வண்டி எண்ணை உடனே போனில் பதியுங்கள்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. வெறும் பெயின்ட் கோடு போட்டால் அடுத்த நாளே அது பைக் பார்க்கிங். கார் நுழைய முடியாத தடுப்புக் கட்டையும், சந்திப்பில் அறுந்துபோகாத தொடர்ச்சியும் இருந்தால்தான் அது பாதை. காத்திருப்பது உங்கள் இஷ்டம்.

மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால் லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றித் தருகிறேன் என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். கழற்றினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம், விபத்து வழக்கில் முதலில் அதைத்தான் தோண்டுவார்கள்.