ஆபீஸ் நெட்வொர்க்: கேளுங்க, சொல்றோம்

கேள்வி: பனியன் கம்பெனி வெச்சிருக்கறேனுங்க, 22 சிஸ்டம் ஓடுது. போன திங்கக்கிழமை காலைல வந்து பாத்தா டேலி டேட்டா, எக்ஸ்போர்ட் பில்லு, டிசைன் ஃபைலு எல்லாம் பேரு மாறிக் கெடக்குதுங்க, நடுவுல ஒரு நோட்பேட் ஃபைல்ல பிட்காயின் கட்டச் சொல்லி எழுதியிருக்கு. பேக்கப் எடுத்து வெச்சிருந்த என்ஏஎஸ் பெட்டியும் (நெட்வொர்க்ல மாட்டுற ஹார்ட் டிஸ்க் பெட்டி) சேந்து போச்சு. ஆடிட்டர் வீட்ல இருந்தே கணக்கு பாக்கணும்னு ஹார்டுவேர் பையன் ரௌட்டர்ல ஏதோ ஓப்பன் பண்ணி விட்டு ரெண்டு வருஷமாச்சுங்க. பணத்தக் கட்டிடலாமுங்களா?
வாசகர், திருப்பூர்

பதில்: கட்டாதீங்க. ஃபைல பூட்டிட்டு சாவிக்குப் பணம் கேக்கற இந்த வைரசுக்கு ரேன்சம்வேர்னு பேரு. 2021 மே மாசம் அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன்னு பெட்ரோல் குழாய் கம்பெனி ஒண்ணு இதே மாதிரி மாட்டி 75 பிட்காயின், அன்னைய வெலைக்கு கிட்டத்தட்ட 44 லட்சம் டாலர் கட்டுச்சு, ஆனா திருடன் குடுத்த டிக்ரிப்டர், அதாவது பூட்டத் தொறக்கற ப்ரோக்ராம், அவ்ளோ ஸ்லோவா ஓடுனதால சொந்த பேக்கப்ல இருந்தும் எடுத்துதான் எழுந்திரிச்சாங்க. உள்ள வந்தவன் பெரிய வித்தை எதுவும் காட்டல, யாரும் யூஸ் பண்ணாம கெடந்த ஒரு பழைய விபிஎன் (வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற தனி வழி) அக்கவுண்ட், பாஸ்வேர்டு மட்டும் தெரிஞ்சா போதும், ரெண்டாவதா ஓடிபி மாதிரி எதுவும் கேக்காது, அதுலயே நுழைஞ்சுட்டான்.

உங்க பையன் தொறந்து விட்டது பெரும்பாலும் 3389 போர்ட்டா (சிஸ்டத்துக்குள்ள வர்ற நம்பர் போட்ட கதவு மாதிரி) இருக்கும், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் அது வழியாத்தான் வரும். அத இன்டர்நெட்ட பாத்து தொறந்து வெச்சா உலகத்துல எங்கெங்கயோ இருந்து பாட் ப்ரோக்ராம் வந்து ராத்திரி பகலா பாஸ்வேர்டு போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும், நம்பர மாத்தி 3390 ஆக்கிட்டா தப்பிச்சுடலாம்னு சில பேரு சொல்வாங்க, அதெல்லாம் சும்மா, எல்லா போர்ட்டையும் வரிசையா தட்டிப் பாக்கறவனுக்கு அது ஒரு விஷயமே இல்ல. உள்ள வந்தப்புறம் ஃபைல பூட்டற வேலைய மட்டும் பெரும்பாலும் சனி ஞாயிறு ராத்திரிக்கு வெச்சுக்குவான், ஏன்னா அப்பத்தான் ஆபீஸ்ல ஆள் இருக்காது.

இப்ப ரௌட்டர்ல அந்தப் போர்ட்ட தொறந்து விடற ஃபார்வர்டிங் செட்டிங்க எடுங்க, எல்லா சிஸ்டத்துலயும் நெட்வொர்க் ஒயர உருவுங்க, அவசரப்பட்டு ஃபார்மட் மட்டும் அடிச்சுடாதீங்க. பூட்டுன டிஸ்க்க அப்படியே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க, நோ மோர் ரேன்சம்னு யூரோபோல் சேந்து நடத்துற சைட்டு இருக்கு, சில வகை பூட்டுக்கு அங்க சாவி ஃப்ரீயாவே கெடைக்கும், இன்னைக்கு இல்லாட்டியும் ஆறு மாசம் கழிச்சு வரலாம். 1930ங்கற சைபர் க்ரைம் உதவி நம்பருக்கு ஃபோன் பண்ணி கம்ப்ளெயின்ட் குடுங்க. கம்ப்யூட்டர் தாக்குதல கவனிக்கற மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட ஆர்டர் படி தெரிஞ்ச 6 மணி நேரத்துல அவங்களுக்கும் சொல்லியாகணும், உங்களுக்கு அது தாண்டிடுச்சு, பரவால்ல, இப்பவாவது ஒரு மெயில் போடுங்க.

பேக்கப் ஏன் போச்சுன்னா அந்த என்ஏஎஸ் எல்லா சிஸ்டத்துலயும் இசட் டிரைவா தெரிஞ்சிருக்கும். உங்க அக்கவுண்டன்ட் எழுத முடியற எடத்துல அவரு பேர்ல உள்ள வந்த வைரசும் எழுதும், அவ்ளோதான். 2017 ஜூன்ல நாட்பெட்யாங்கற வைரஸ் வந்தப்ப மேர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கும் இதே கதிதான், எல்லா லாகினையும் சரிபாக்கற டொமைன் கண்ட்ரோலர் சர்வர் உலகம் பூரா வெச்சிருந்தாங்க, ஒண்ணோட காப்பி இன்னொண்ணுல இருக்கேன்னு தைரியமா இருந்தாங்க, அத்தனையும் ஒரே நேரத்துல போச்சு. கானா நாட்டு ஆபீஸ்ல மட்டும் கரன்ட் கட்டாகி ஒரு சர்வர் ஆஃப்ல இருந்ததால அது பொழச்சுது, அத வெச்சுத்தான் 4,000 சர்வரு, 45,000 பிசின்னு பத்து நாள்ல திரும்ப எழுப்புனாங்க. உங்களுக்கு கரன்ட் கட்ட நம்ப வேணாம், ரெண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரத்துக்கு ஒண்ணா மாத்தி மாத்தி எடுத்துட்டு, எடுத்ததும் ஒயர கழட்டி பீரோவுல வெச்சு பூட்டுங்க. மாசம் ஒரு தடவ அதுல இருந்து நாலு ஃபைல திரும்ப எடுத்து ஓப்பன் ஆகுதான்னு பாருங்க, அத பண்றவங்கள நான் ரொம்ப கம்மியாத்தான் பாத்திருக்கேன். ஆடிட்டருக்கு விபிஎன் போட்டு, கூடவே ஓடிபி வெச்சு குடுங்க.

கேள்வி: அண்ணே, எங்க ஆபீஸ்ல காலைல நல்லா இருக்கற நெட்டு 11 மணிக்கு மேல சில சிஸ்டத்துக்கு மட்டும் வரமாட்டேங்குது, பக்கத்து சீட்டுல பறக்குது. லைன 300 எம்பியா மாத்தியும் அப்படியேதாண்ணே இருக்கு.
வாசகர், மதுரை

பதில்: லைன் மேல தப்பு இல்ல தம்பி. வராத சிஸ்டத்துல கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து ஐபிகான்ஃபிக்னு அடிங்க. 169.254னு ஆரம்பிக்கற நம்பர் வந்தா அந்த சிஸ்டத்துக்கு யாருமே ஐபி முகவரி (நெட்வொர்க்ல அந்த சிஸ்டத்தோட நம்பர்) குடுக்கலன்னு அர்த்தம். பல சின்ன ரௌட்டர் கம்பெனில இருந்து வரும்போதே 100 முகவரி குடுக்கற மாதிரிதான் செட் ஆகி வருது, எல்லாரும் வந்து உக்காந்து ஆளுக்கு ரெண்டு ஃபோன வைஃபைல போட்டா 11 மணிக்குள்ள அது காலி. ரௌட்டர்ல முகவரி குடுக்கற டிஹெச்சிபி ரேஞ்ச பெருசாக்குங்க, ஃபோனுக்கெல்லாம் தனி கெஸ்ட் வைஃபை வெச்சு ஒரு முகவரிய எவ்ளோ நேரம் வெச்சுக்கலாம்ங்கற லீஸ் டைம ரெண்டு மணி நேரமா கொறைங்க.

அப்படி இல்லாம மத்த சிஸ்டம் 192.168.1ல இருக்க இது மட்டும் 192.168.0ல நின்னுச்சுன்னா, யாரோ சிக்னல் வரலன்னு வீட்டு ரௌட்டர கொண்டாந்து மேஜைக்கடில லேன் போர்ட்டுல சொருகியிருக்காங்க, அதுவும் தன் பங்குக்கு முகவரி குடுக்குது. எந்த ரௌட்டர் முதல்ல பதில் சொல்லுதோ அதுக்குப் பின்னாடி சிஸ்டம் போயிடும், அதனாலதான் ஒருத்தருக்கு வருது ஒருத்தருக்கு வரல. மேனேஜர் கேபின்லயும் குனிஞ்சு பாருங்க, நான் ஒரு எடத்துல தேடித் தேடி அங்கதான் கண்டுபுடிச்சேன். மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங் மாத்த முடியற சுவிட்ச்) இருந்தா, வேற ரௌட்டர் முகவரி குடுக்கறத தடுக்கற டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ஆன் பண்ணிட்டீங்கன்னா இந்த தேடலே வேணாம்.

கேள்வி: ஃபயர்வால் வாங்கியாச்சு, இனிமே பயப்பட வேண்டாம்தானே?
வாசகர், சேலம்

பதில்: எது உள்ள வரலாம், எது வெளிய போகலாம்னு சோதிக்கற அந்தப் பெட்டிக்குள்ள எல்லாத்தையும் எல்லாத்துக்கும் அனுமதின்னு ஒரு ரூல் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.

கேள்வி: சார், லேப் நடத்துறேன். விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. என் ரத்தப் பரிசோதனை மெஷினோட வர்ற சாஃப்ட்வேர் விண்டோஸ் 7ல மட்டும்தான் ஓடும், புது மெஷின் வாங்க வசதி இல்ல. என்ன பண்றது?
வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆமாம்மா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச ஆதரவு முடிஞ்சுது, 7க்கு 2020லயே முடிஞ்சுது. அப்டேட்ட தள்ளிப் போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு வானாக்ரைங்கற ரேன்சம்வேர் நல்ல உதாரணம், அதுக்கான பேட்ச (ஓட்டைய அடைக்கற அப்டேட்ட) 2017 மார்ச் 14ல மைக்ரோசாஃப்ட் விட்டாச்சு, வைரஸ் வந்தது மே 12ல, ரெண்டு மாசம் கையில இருந்தும் போடாத இடமெல்லாம் மாட்டுச்சு, பிரிட்டன்ல ஆஸ்பத்திரிங்க ஆபரேஷன தள்ளி வெச்சாங்க.

உங்க மெஷின அப்படியே வெச்சுக்கலாம், ஆனா அந்த விண்டோஸ் 7 பிசி ரிசப்ஷன் கம்ப்யூட்டர், சிசிடிவி, வர்றவங்க ஃபோன் எல்லாத்தோடயும் ஒரே நெட்வொர்க்ல ஒண்ணா உக்காந்திருக்கக் கூடாது. சுவிட்ச்ல தனி விலான், அதாவது அதே சுவிட்ச்லயே பிரிச்சு வெச்ச தனி நெட்வொர்க், போட்டு அதுக்கு இன்டர்நெட்ட மொத்தமா நிறுத்துங்க, ரிசல்ட் வாங்கற சர்வருக்கு மட்டும், அதுவும் தேவையான ஒரு போர்ட்டுல மட்டும் பேச விடுங்க, 445ங்கற ஃபைல் ஷேரிங் போர்ட்ட கட்டாயம் மூடுங்க, வானாக்ரை அது வழியாத்தான் மெஷினுக்கு மெஷின் தாவுச்சு. கேமராவுக்கும் இதே மாதிரி இன்னொரு விலான். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் கம்பெனில இருந்து வந்த பாஸ்வேர்ட மாத்தாத கேமராவையும் ரௌட்டரையும் புடிச்சு சேத்து சைட்டு பேர ஐபி முகவரியா மாத்தித் தர்ற டைன் கம்பெனிய அடிச்சதுல ட்விட்டரே பல மணி நேரம் பல பேருக்கு வரல. சர்வீஸ் இன்ஜினியர் வந்து பென் டிரைவ் கேட்டா உங்க லேப் டிரைவ்வ குடுங்க, அவரு பையில இருக்கறத சொருக விடாதீங்க.