பரங்கிமலையும் பல்லாவரம் மலையும் அணைந்துபோன எரிமலைகளா? மறுபடி வெடிக்குமா?

இல்லை, வெடிக்கவும் வெடிக்காது. சமவெளியில் தனியாக ஒரு குன்று நின்றாலே எரிமலை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை கிளம்பிவிடுகிறது. நிலவியல் படித்தவன் என்பதால் என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள்.

எரிமலைக் குழம்பு வெளியே வந்ததும் சட்டென்று ஆறிவிடும். அதனால் அதில் கனிமப் படிகங்கள் பெரிதாக வளர நேரம் இருக்காது. அப்படி ஆறி உண்டான மும்பை பக்கத்துக் கறுப்புப் பாறையை உடைத்தால் மாவு போல நுண்ணிய மணிகள்தான் தெரியும். பல்லாவரம் கல் அப்படியல்ல. சென்னையில் வீடு கட்டக் கொட்டும் ஜல்லி பல நேரம் இந்தக் கல்தான். அதில் புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்: பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, கண்ணுக்கே தெரியும் மணிகள். அந்த மணிகளில் கறுப்பாக இருப்பவற்றில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உண்டு. மிகுந்த வெப்பத்தில், தண்ணீர் அதிகம் இல்லாத சூழலில் உருவாவது அது.

இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னோக்கின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது; அதன் கல் இதே பாறை என்பதால், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்டு 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். ஆழத்தில் இறுகிய குழம்பு என்பது அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள், வேறு பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது என்றார்கள். உலகில் இரண்டு வகையும் உண்டு என்பதே இன்றைய நிலை. எப்படிப் பார்த்தாலும் எரிமலை இதில் வரவே இல்லை.

எனக்கு இதைவிட சுவாரசியமான கேள்வி வேறு. கனிமச் சேர்க்கையை வைத்துக் கணக்கிட்டால், இந்தப் பாறை இன்றைய நிலைக்கு வந்தது தரைக்குக் கீழே சுமார் 25 கி.மீ. ஆழத்தில், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியானால் திரிசூலம் ரயில் நிலையத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்துக்கு எப்படி வந்தது? மேலே இருந்தது எல்லாம் அரித்துப் போய்விட்டது, அவ்வளவுதான். 100 ஆண்டுக்கு 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் ஆண்டில் 10 மீட்டர், 250 கோடி ஆண்டில் 25 கி.மீ.! உண்மையில் அரிப்பு இப்படிச் சீராக நடக்காது. மலைகள் உயர்ந்த காலத்தில் வேகமாகவும் மற்ற காலங்களில் மந்தமாகவும் நடந்திருக்கும். ஆனால் காலம் போதுமா என்ற சந்தேகத்துக்கு இந்தக் கணக்கு போதும்.

அப்புறம், 25 கி.மீ. அரித்துப்போக அவ்வளவு உயர மலை இருந்திருக்க வேண்டியதில்லை. மூட்டையை இறக்க இறக்கத் தோணி மேலே எழும்புவது போல, மேல்பாரம் குறையக் குறைய நிலமேலோடும் மெல்ல எழும்பும். எழும்பியதை மழையும் ஆறும் மறுபடி அரிக்கும்.

இந்தக் குன்றுகள் மட்டும் ஏன் மிஞ்சின? சுற்றியிருந்த பாறையில் விரிசல் அதிகமாக இருந்த இடங்களில் தண்ணீர் இறங்கி, பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறிக் கரைந்து போனது. விரிசல் குறைந்த பகுதி அப்படியே நின்றுவிட்டது. நேரில் பார்க்கப் போனால் வெயில் பட்டுப் பழுப்பேறிய மேல்தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள், உடைந்த முகத்தைத் தேடுங்கள். பழைய கல்குவாரிகளில் அது நிறையக் கிடைக்கும். ஆனால் அங்கே தேங்கியிருக்கும் தண்ணீர் பயங்கர ஆழம், ஓரத்துக்குப் போகாதீர்கள்.