ஜப்பானின் மலைக்கிராமத்தில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சேரப்போகிறேன், அங்கே தனிமையில் வாடிவிடுவேனா?

மொழி அதிகம் தெரியாமல் அங்கே போய்த் தனித்துவிடுவோமோ என்று அஞ்சிக் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டவரைப் பள்ளிகளில் மொழி கற்பிக்க அழைக்கும், 1987-இல் தொடங்கிய ஜப்பானிய அரசுத் திட்டமான ஜெட் திட்டத்தின் வழியாகப் போகிறீர்கள் என்றும், நகரத்தில் வளர்ந்தவர் என்றும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சிங்கப்பூரில் அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில் வளர்ந்து, அதே திட்டத்தில் மேற்கு ஜப்பானிலுள்ள ஷிமானே மாநிலத்தின் மலைப்பகுதிக்குப் போய்ச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் நான். தனிமை இருக்கத்தான் செய்யும். ஆனால் மொழிக் குறையைவிட, ஊரில் நமக்கென்று ஒரு பொறுப்பும் இல்லாத நிலைதான் அதைப் பெரிதாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

புதிய ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ போய்ச் சேருகிறார்கள். அப்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஆசிரியர் அறையில் உங்களுக்கு மேசை இருக்கும், எதிரே குளிர்ந்த பார்லித் தேநீர் வைக்கப்படும், எல்லாரும் கனிவாகத் தலைவணங்குவார்கள், ஆனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, நீட்டித்தாலும் 5 ஆண்டுகளைத் தாண்டாது என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். எனவே உங்களைத் தொல்லைப்படுத்தக் கூடாதென்று விருந்தாளியாகவே நடத்துவார்கள். அந்த மரியாதையைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போன ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் அறிவிப்புப் பலகை ஒன்று வீடு வீடாகச் சுற்றிவரும். கிளிப் வைத்த அட்டையில் குப்பை சேகரிக்கும் நாள், தீயணைப்புப் பயிற்சி, யாரேனும் இறந்த செய்தி போன்றவை இருக்கும். மேல்தாளில் வீட்டுக்காரர் பெயர்களுக்கு எதிரே சிறு கட்டங்கள், படித்தவர் முத்திரையிட்டு அடுத்த வீட்டில் வைத்துவிட வேண்டும். எனக்குப் படிக்கச் சிரமமாக இருக்குமென்று பக்கத்து வீட்டுப் பாட்டி என் வாசலைத் தாண்டி அதை அடுத்த வீட்டில் கொடுத்துவந்தார். நானே போய், என் பெயரையும் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் என் பெயர் அந்தத் தாளில் ஏறிய பிறகு, வாய்க்கால் தூர்வாரவும் சாலையோரப் புல் வெட்டவும் என்னையும் கூப்பிட்டார்கள். புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதியவர்தான், குளிர்காலம் வருமுன் 18 லிட்டர் மண்ணெண்ணெய்க் கேனிலிருந்து அறையைச் சூடாக்கும் அடுப்பின் தொட்டிக்குக் கைப்பம்பால் ஊற்றுவதையும், கடுங்குளிர் இரவுகளில் குழாய் உறைந்து வெடிக்காமல் தண்ணீரை வடித்துவிடுவதையும் சொல்லித்தந்தார். வீட்டு வழிகாட்டிக் கையேட்டில் இவை எழுதியிருந்தாலும், பக்கத்தில் நின்று செய்துகாட்ட ஓர் ஆள் கிடைத்தது அந்தப் பலகையால்தான்.

அப்பகுதியில் இவாமி ககுரா என்னும் ஆடல் உண்டு. இலையுதிர் காலத்தில் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும். எட்டுத் தலைப் பாம்பை சுசானோ என்னும் தெய்வம் வெல்லும் கதைதான் அதில் பெயர்பெற்றது. முதல் ஆண்டு எனக்கு முன்வரிசையில் மெத்தை போட்டு உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டு, என் மாணவர்கள் பயிற்சி செய்யும் மாலைகளில் ஊர்க்கூடத்துக்குப் போய், சாமான் தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டேன். மூங்கில் வளையங்களின் மேல் காகிதம் ஒட்டிய பாம்புடல் ஏறத்தாழ 17 மீட்டர் நீளம்; வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டே வந்தால் அது ஒரு கூடை அளவுக்குச் சுருங்கிவிடும், ஆனால் காகிதம் கிழியாமல் அழுத்தக் கை பழக வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன் அங்கே என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினான். அதன்பின் வகுப்பிலும் அவன் பேசினான், தப்பும் தவறுமாக, தயக்கமில்லாமல்.

"உனக்கு நல்ல ஊர் வாய்த்தது, அதனால் பேசுகிறாய்" என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொருவர் நிலையும் வேறு என்பது ஜெட் ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம்; அது உண்மைதான். கார் இல்லாதவருக்கு எங்கள் பக்கம் மிகவும் கடினம், ஏனெனில் ஆற்றோரம் 108 கிலோமீட்டர் ஓடிய சான்கோ ரயில்பாதை 2018 மார்ச்சுடன் மூடப்பட்டுவிட்டது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் ஓராண்டுக்குமேல் அங்கே செல்லாது என்பதால் ஜப்பானிய உரிமத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மைப் போன்ற தோற்றமுடையவர்களை ஆங்கில ஆசிரியராகக் கிராமத்தார் ஏற்க மாட்டார்கள் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஊர்க்காரர் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஆங்கிலம் உங்கள் சொந்த மொழியா" என்று மீண்டும் மீண்டும் கேட்டவர்கள், ஆசிரியர் கூட்டங்களில் சந்தித்த வேறு நாட்டு ஆசிரியர்கள்தான். கணக்கு, அறிவியல் எல்லாமே ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவனிடம், முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்பது அவமதிப்பு. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. உங்களுக்கும் இது நேரலாம், அதற்காக ஊர்மீது வருத்தப்படாதீர்கள்.

பள்ளியிலும் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குவதுதான் வழி. 2020 முதல் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. அதைப் பெரும்பாலும் வகுப்பாசிரியர்களே நடத்த வேண்டியிருக்கிறது, அவர்களில் பலர் ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் அல்லர். வகுப்பு முடிந்து மாணவர்கள் பள்ளியைத் துடைக்கும் நேரத்தில் நீங்களும் துணியெடுத்து அவர்களோடு குனிந்து துடையுங்கள், பிறகு அந்த ஆசிரியரின் மேசைக்குப் போய் நாளைய பாடத்தைப் பேசுங்கள். பல பள்ளிகளில் செப்டம்பரில் விளையாட்டு விழா வரும். கூடாரம் அடிக்கும் குழுவில் உங்கள் பெயரையும் போடும்படி துணைத் தலைமையாசிரியரிடம் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள்.