அரிட்டாபட்டி மலைக்கு வேலி வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு மதுரை மாவட்டத்திலுள்ள அரிட்டாபட்டிக்குப் போயிருந்தோம். மலையைச் சுற்றி எத்தனை கண்மாய்கள்! டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் போராட்டச் செய்திகளில் பெயரைக் கேட்டவர்கள்கூட நேரில் போனதில்லை என்கிறார்கள். அடிவாரத்தில் ஆடுகள் மேய்வதைப் பார்த்துத்தான் வருத்தமாக இருந்தது. தேசியப் பூங்காவாக்கி வேலி போட்டால் என்ன?

வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் வேலி வேண்டாம். தேசியப் பூங்கா என்று அறிவித்தால், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே ஆடு மாடு மேயக் கூடாது. அரிட்டாபட்டிக்கு 2022 நவம்பரில் கிடைத்தது வேறு தகுதி: பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அதில் ஊராரின் வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை இல்லை. தமிழகத்திலேயே முதலாவது. பக்கத்து ஊரான மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர்.

நீங்கள் வியந்த கண்மாய்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மொட்டைப் பாறையில் தண்ணீர் நிற்பதில்லை; வெள்ளைக் கோடுகளாக வழிந்து ஓடையில் இறங்கி மேல் கண்மாயை நிரப்புகிறது. அது பெருகினால் உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்பது அரசின் கணக்கு. நடுவில் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் கீழ்க் கண்மாய் காய்ந்துவிடும். அப்போது மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பவர் கீழே நெல் நட்டிருக்கும் சம்சாரிதான். அவரை வெளியே நிறுத்திவிட்டு எந்த மலையைக் காப்பாற்றுவது?

குகையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பார்த்தீர்களா? அதன் அருகே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில், திருப்பிணையன் மலையில் (இந்த மலையின் பழைய பெயர்) அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி என்று வெட்டியிருக்கிறது. முடிவில் இரண்டு சொற்கள்: ‘பாதிரிக்குடியார் ரட்சை’. பாதிரிக்குடி ஊராரின் காவலில் இருப்பது என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரை நம்பித்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

அந்தக் காவல் இன்னும் விட்டுப்போகவில்லை. 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் வயலை விட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் இந்த ஊர்களின் பெண்களும் உழவர்களும்தான். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மார்கழியில் ஒருமுறை விடியற்காலையில் போங்கள். லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை பாறை உச்சியில் வெயில் காய வரும். எங்கே பார்க்கலாம் என்று ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேளுங்கள். கூட்டின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.