தேர்ச்சி விழுக்காடு மட்டும் போதுமா?

கேள்வி: செப்டம்பர் 5 அன்று, அதிகத் தேர்ச்சி காட்டிய ஆசிரியருக்குக் கேடயம் கொடுக்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் மனக்கசப்புதான் மிஞ்சுகிறது. வேறு வழி உண்டா?
- ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர், சேலம்

பதில்: கோளாறு கணக்கில் இருக்கிறது. ஒரு வகுப்பில் சேர்ந்தவர்கள் 60 பேர். வருகை குறைந்தும், பாதியில் நின்றும் 12 பேர் தேர்வே எழுதவில்லை. எழுதிய 48 பேரில் 44 பேர் தேறினால் 92 விழுக்காடு. கேடயம் அந்த ஆசிரியருக்கு. பக்கத்து வகுப்பிலும் 60 பேர்தான். 57 பேரை எழுத வைத்து, 48 பேரைத் தேற்றிவிட்டவருக்கு 84தான் வரும். சேர்ந்த 60 பேரை வைத்து வகுத்துப் பாருங்கள்: முன்னவருக்கு 73, பின்னவருக்கு 80. எழுதியவர்களை மட்டும் எண்ணும்வரை, தேறாத பிள்ளையைக் கழற்றிவிடுவதுதான் லாபம்.

கூடவே, ஜூன் மாதம் அரியர் வைத்திருந்தவர்களின் பட்டியலை எடுத்து வையுங்கள். மறு ஏப்ரலில் அதில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்த்தால் உழைப்பு தெரியும். பலவீனமான பிரிவை ஏற்றவருக்கு அப்போதுதான் நியாயம் கிடைக்கும்.

தன் பொறுப்பில் உள்ள மாணவர்களைப் பற்றி ஆசிரியர் எழுதிவைக்கும் மென்டார் நோட்டை மட்டும் நம்பாதீர்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ அமைப்பின் ஆய்வுக்கு முந்தின வாரம், ஒரே பேனா மையில் ஆறு மாதப் பதிவும் எழுதப்படுவது ஊரறிந்த ரகசியம். ஒருவரிடம் உள்ள 20 மாணவர்களில் ஐந்து பேரைச் சீட்டு எடுத்துக் கூப்பிட்டு, “மூன்று நாள் தொடர்ந்து வராதபோது வீட்டுக்கு யாராவது போன் செய்தார்களா?” என்று கேளுங்கள். போதும்.

மாணவர் கருத்துப் படிவத்தை இன்டர்னல் மதிப்பெண் வெளியான பிறகு, பெயர் கேட்காமல், வேறு துறை ஆசிரியர் வாங்க வேண்டும். பாடம் எடுப்பவரே வாங்கினால் எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்துதான் விழும். இருபது கேள்வி வேண்டாம், மூன்று போதும். அதில் ஒன்று: “இந்த ஆண்டு படிப்பை விடாமல் இருக்க உங்களுக்கு உதவியவர் யார், என்ன செய்தார்?”

கேள்வி: ஆசிரியர் அல்லாத பணியாளர்களை இந்தப் பாராட்டில் எப்படிச் சேர்ப்பது?
- அலுவலகக் கண்காணிப்பாளர், கரூர்

பதில்: மேலே சொன்ன கடைசிக் கேள்வியில் ஆய்வக உதவியாளரும் விடுதிக் காப்பாளரும் தானாகவே வந்துவிடுவார்கள். தனியாகப் பார்க்க வேண்டியது உதவித்தொகைப் பிரிவு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரவேண்டிய மாணவிக்கு, வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததால் பணம் நின்றுபோகும். அவள் வந்து கேட்கும்வரை காத்திராமல், பட்டியலைப் பார்த்து விடுபட்டவர்களைக் கூப்பிட்டு அனுப்பும் எழுத்தர் ஒருவர் இருந்தால், அவருடைய வேலை ஒரு சிறப்பு வகுப்புக்குக் குறைந்ததல்ல. எத்தனை பேருக்குச் சரிசெய்தார் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். ‘அன்பாகப் பழகுவார்’ என்ற பரிந்துரைகளை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: பரிசுக்கு நிதி இல்லை. சால்வை போதுமா?
- முதல்வர், சுயநிதிக் கல்லூரி

பதில்: சால்வை ஏற்கெனவே எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிறது. பரிசுக்குரிய ஆசிரியருக்கு அடுத்த செமஸ்டர் அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம் குறைத்துக் கொடுங்கள். அவர் செய்துவந்த வேலைக்கே அந்த நேரம் போகும். என்ன செய்தார் என்று தெளிவாக எழுதிய கடிதம் ஒன்றைப் பணிப்பதிவேட்டில் சேருங்கள். ‘நன்றாகச் செய்கிறாரே’ என்று இன்னும் இரண்டு கமிட்டிப் பொறுப்பைத் தலையில் கட்டிவிடாதீர்கள். பல கல்லூரிகளில் பாராட்டு என்பதே அதுதான்.