புங்கமரத்தடியில் ஒரு காலைப்பொழுது

கேள்வி: தேர்வு முடிந்ததும் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். இவ்வாண்டு அதற்கு வசதிப்படவில்லை. வசந்தம், இளவேனில் என்றெல்லாம் சொல்கிறார்களே, நம் ஊர் வெயிலில் அப்படி ஒன்று இருக்கிறதா? இருந்தால், வீட்டருகிலேயே குடும்பத்தோடு அதை அனுபவிக்க வழி உண்டா?
- வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: இருக்கிறது, ஆனால் காலை ஆறு மணிக்கு எழுந்து வெளியே வருபவர்களுக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்திருப்போம். மரங்கள் அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை, பங்குனியிலேயே தொடங்கிவிடுகின்றன. பழைய இலைகளை உதிர்த்த புங்கமரம், சில நாள்களிலேயே எண்ணெய் தடவியது போன்ற இளம்பச்சைத் தளிரால் மூடிக்கொள்கிறது. அதையடுத்து உதிரும் பூக்கள் மரத்தடியில் பொரியை இறைத்தாற்போலக் கிடக்கும். சங்கப் புலவர்களும் புங்கம்பூவைப் பொரி என்றே பாடியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் அந்த உவமை எத்தனை சரி என்பது விளங்கிவிடும்.

வேம்பு பூத்திருந்தால் முதல் நாள் இரவே அதனடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைக் குப்பை நீக்கி உலர்த்தினால், புத்தாண்டுப் பச்சடிக்குப் போக, ரசத்துக்கும் மிஞ்சும். இந்த வேலையைத் தாத்தா பாட்டியிடம் விடுவது நல்லது. பேரப்பிள்ளைகளை அதட்டி வேலை வாங்க அவர்களுக்குத்தான் தெரியும்.

வண்டலூர் உயிரியல் பூங்கா உங்களுக்கு அருகில்தான் என்றாலும், விடுமுறை நாள்களில் அங்கே கூட்டத்தைத்தான் பார்க்க நேரிடும் என்பது என் எண்ணம். செவ்வாய்க்கிழமை விடுமுறை; மற்ற வார நாள்களில், திறந்தவுடனே போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு துப்பறியும் வேலையும் கொடுங்கள். விடியற்காலையில் கூவுவது கருநிற ஆண் குயில். உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட பழுப்புநிறப் பெண் குயில், காக்கைக் கூட்டில் முட்டையிட இலைமறைவில் காத்திருக்கும். தெருவில் காக்கைக்கூடு இருக்கும் மரத்தை இப்போதே குறித்து வைத்துக்கொண்டு நாள்தோறும் கவனித்து வந்தால், சில வாரங்களில் வாயைப் பிளந்து கத்தும் குயில்குஞ்சுக்குக் காக்கை மெனக்கெட்டு இரை ஊட்டுவதை அவர்கள் பார்க்கக்கூடும்.